ஒரு கட்டமா, இரண்டு கட்டமா, ஒரே இழுப்பா?

பெருக்கல் குறி மாதிரியான கிராஸ் தையல்களை எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் கிராஸ் ஸ்டிச்சில் உண்மையான தலையிடி ஆரம்பிக்கிறது. சார்ட்டை, அதாவது கட்டம் போட்ட மாதிரிப்படத்தை, விரித்தால் பாலத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, கொழுந்து பறிக்கிற பெண்ணின் முகத்தைச் சுற்றி ஒரு கபிலக் கோடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் கூரையில் வரிசையாகச் சாம்பல் கோடுகள். இந்த ஓரக்கோடுகளை பேக் ஸ்டிச்சில், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசி பின்னால் போய் இறங்குகிற தையலில், போடுகிறோம். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சார்ட் காட்டிவிடும். அதை எத்தனை தையலாகப் பிரிப்பது என்று பெரும்பாலும் காட்டாது. சில சார்ட்களில் ஊசி இறங்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, புள்ளிக்குப் புள்ளி போய்விடலாம். இல்லாவிட்டால் முடிவு நம்முடையதுதான்.

தைக்கிறவர்கள் கூடினால் இதில் இரண்டு கட்சி இருக்கும். "ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தையல், அதுதான் முறை" என்பது ஒரு கட்சி. "நேர்க்கோட்டுக்கு எதுக்கு அவ்வளவு பாடு, ஒரே இழுப்பா இழுத்து விடு" என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு கட்டத்துக்கு ஒன்றாகப் போடுகிறவர்களும், கட்டத்தையே பாதியாக்கி ஊசி குத்துகிறவர்களும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் என்றால் ஒரு கட்டம். கைபடாத, கழுவாத, கண்ணாடிக்குள் போகிற வேலையில் உள்ள நேர்க்கோட்டுக்கு மட்டும் நீளத் தையல். வளைவுக்கு நீளத்தை விடச் சாய்வைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை, அதனால் அதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கப் போகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். இலங்கையில் தெமோதரைக்கும் எல்ல என்ற ஊருக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம், பக்கத்தில் தேயிலை மலை, கீழே ஒரு லயம், முன்னால் கூடையோடு ஒரு பெண். 1921-ல் கட்டி முடித்த அந்தப் பாலத்தைப் படமாகத் தைக்காத கை மலையகத்தில் குறைவு. ஓரக்கோட்டுக்கு அதைவிட நல்ல பரீட்சையும் இல்லை. மேலே தண்டவாளம் நீளமாகப் போகிறது, கீழே ஒன்பது வளைவு, நடுவில் நேரான தூண்கள். எல்லா வகைக் கோடும் ஒரே படத்தில் வந்துவிடுகிறது.

முதலில் கட்டம் என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே துளைகளோடு கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியை அங்குலத்துக்கு இத்தனை கட்டம் என்றுதான் விற்கிறார்கள். 14 என்றால் ஓர் அங்குலத்தில் 14 கட்டம். ஒரு கட்டம் கிட்டத்தட்ட 1.8 மில்லிமீற்றர். 11 என்றால் 2.3, 16 என்றால் 1.6, 18 என்றால் 1.4 மில்லிமீற்றர். 11-ஆம் எண் துணியில் ஒரு கட்டத் தையல் 2.3 மில்லிமீற்றர்; 18-ஆம் எண்ணில் இரண்டு கட்டத் தையல் 2.8. வித்தியாசம் அரை மில்லிமீற்றர்தான். ஆனால் முதலாவதை "நுணுக்கம்" என்றும் இரண்டாவதை "சோம்பல்" என்றும் சொல்வார்கள். கட்டத்தை மட்டும் எண்ணாமல் கண்ணுக்கு எவ்வளவு நீளம் தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும். 18-ல் இரண்டு கட்டம் போடுவதில் ஒரு குறையும் இல்லை. 11-ல் மூன்று கட்டம் போட்டால் அது ஏழு மில்லிமீற்றர், வளையலில் மாட்டுகிற நீளம்.

கடையில் எண் எழுதாத துணியும் வரும். வெட்டின துண்டை நீட்டி "கிராஸ் ஸ்டிச் துணிதான்" என்று தந்துவிடுவார்கள். அடிமட்டத்தை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கட்டத்துக்கு ஒன்று

இதன் பெரிய பலம் பிடிப்பு. கிராஸ் போட்ட அதே துளைகளில் ஊசி ஏறி இறங்குவதால் கோடு விலக இடமில்லை. துவைத்தாலும் கசக்கினாலும் நூல் தூக்காது. குஷன் உறை, குழந்தைச் சட்டை, பை, கைலேஞ்சி என்று கைபடுகிற எதிலும் நான் வேறு நீளத்தை யோசிப்பதே இல்லை.

பலவீனம் தோற்றத்தில். வெறுந்துணியில் ஒரு கட்டத் தையலாக நீண்ட நேர்க்கோடு போட்டால் ஒவ்வொரு துளையிலும் நூல் கீழே அமுங்கி, கோடு துண்டு துண்டாகத் தெரியும். நூலின் ஆறு இழையில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, ஓர் இழையில் போட்டால் அது அவ்வளவு உறுத்தாது. இரண்டு இழையில் போட்டால் கடுகைக் கோத்து வைத்தது போல உருண்டு உருண்டு நிற்கும். தையல் நீளத்தையும் இழை எண்ணிக்கையையும் தனித்தனியாக முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். தையல் குட்டை என்றால் ஓர் இழை, நீளம் என்றால் இரண்டு இழை வரை போகலாம். 14-ஆம் எண்ணில் கிராஸுக்கு இரண்டு இழை, ஓரக்கோட்டுக்கு ஓர் இழை என்பதுதான் பரவலான வழக்கம். ஓர் இழையை மூன்று நான்கு கட்டம் நீட்டினால் மயிர் விழுந்து கிடப்பது போலத்தான் இருக்கும். படத்தைத் தூக்கிக் காட்டவே காட்டாது.

கிராஸ் நிறைந்த இடத்தின் நடுவில் கோடு போகும்போது கதை மாறுகிறது. அங்கே துளைகளில் ஏற்கெனவே நூல் அடைத்திருக்கும். ஒரு கட்டத் தையல் இரு பக்கக் கிராஸுக்கும் நடுவில் கொஞ்சம் புதைந்துவிடும். தேயிலைச் செடிக்கும் செடிக்கும் நடுவில் கரும்பச்சைக் கோடு என்றால் அந்தப் புதைவு நல்லதுதான், நிழல் மாதிரி மெலிதாக நிற்கும். முகத்தின் ஓரம் என்றால் புதையக் கூடாது. அப்படியான இடத்தில் நீளத்தைக் கூட்டுவதை விட நூலின் நிறத்தை ஒரு படி கறுப்பாக்குவது நல்லது. டிஎம்சி கம்பனியின் நூல் எண்களில் 310 முழுக் கறுப்பு, 3371 கறுப்போடு சேர்ந்த கபிலம். முகத்துக்கும் கைக்கும் 3371-தான் சரி. 310 போட்டால் கார்ட்டூன் முகம் ஆகிவிடும்.

பிழையாகப் போட்டதைப் பிரித்தெடுப்பது என்று வந்தால் குட்டைத் தையல் பெரிய வில்லங்கம். நீளத் தையலை ஒரு வெட்டில் எடுத்துவிடலாம். ஒரு கட்டத் தையலை ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். வெள்ளைத் துணியில் கறுப்புப் பஞ்சு ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒட்டும் டேப்பை வைத்து ஒற்றி எடுத்தாலும் முழுதாகப் போகாது.

வளைவு: குட்டை என்றால் உருண்டை என்று அர்த்தமில்லை

"வளைவு நல்லா வரணும்னா சின்னச் சின்னதா போடு" என்று சொல்லித் தருவார்கள். பாதிதான் சரி. பாலத்தின் ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 8 கட்டம், உயரம் 4 கட்டம். இடப்பக்கப் பாதியை மட்டும் பார்ப்போம்; வலப்பக்கம் அதன் கண்ணாடி பிம்பம்.

ஒரு கட்டத் தையல் மட்டும்தான் என்று உறுதியாக நின்றால் இப்படித்தான் போக முடியும்: தூண் உச்சியிலிருந்து நேராக மேலே ஒன்று, அப்புறம் மூலைக்கு மூலையாக மூன்று, கடைசியில் கிடையாக ஒன்று. மொத்தம் ஐந்து தையல். நடுவில் மூன்று மூலைத் தையலும் ஒரே நேர்க்கோட்டில் விழுவதால் கண்ணுக்குத் தெரிவது வளைவு இல்லை, பாதி எண்கோணம். ஒன்பது வளைவையும் அப்படிப் போட்டால் பாலத்துக்குப் பதில் முனை மழுங்கின ஜன்னல் வரிசை கிடைக்கும்.

இப்போது மற்றது. முதல் தையல் ஒரு கட்டம் வலது, இரண்டு கட்டம் மேலே. இரண்டாவது மூலைக்கு மூலை ஒன்று. மூன்றாவது இரண்டு கட்டம் வலது, ஒரு கட்டம் மேலே. மூன்றே தையல்தான், அதே நான்கு கட்டத்தை ஏறிக் கடக்கிறது. சாய்வு படிப்படியாகக் குறைந்துகொண்டே போவதால் கண் அதை வளைவு என்று எடுத்துக்கொள்கிறது. சதுரங்கத்தில் குதிரை பாய்கிற தையல் 14-ஆம் எண்ணில் சுமார் 4 மில்லிமீற்றர் வரும், மூலைத் தையல் 2.6. குட்டைத் தையலை விட நீளமான தையல்தான் இங்கே உருண்டையாக வருகிறது.

குதிரைப் பாய்ச்சலை ஏன் நடுவில் பிரிக்க முடியாது என்று கேட்டால், அந்தக் கோடு போகிற வழியில் ஐடா துணியில் துளையே இல்லை. பிரிக்க வேண்டும் என்றால் ஒரு நேர்த் தையலும் ஒரு மூலைத் தையலுமாக உடைக்க வேண்டும். உடைத்தால் அந்த இடத்தில் முட்டி மாதிரி ஒரு மடிப்பு விழும். சார்ட்டில் அப்படி ஒரு சாய்கோடு இருந்தால் அதை வரைந்தவர் ஒரே தையலைத்தான் நினைத்திருக்கிறார். அதைப் பிரிக்காதீர்கள்.

பெரிய வளைவுகளுக்கு இன்னும் சுகம். 16 கட்ட அகலத்துக்கு மேலே போனால் எந்த முறையிலும் கண் ஏமாந்துவிடும்.

இரண்டு கட்டத்துக்கு ஒன்று

நேர்க்கோட்டில் இதைப் போடுகிறவர்கள் சொல்கிற காரணம் இரண்டு: நேரம் மிச்சம், நூல் மிச்சம். நேரம் உண்மை. 14-ஆம் எண்ணில் 10 சென்றிமீற்றர் கோட்டுக்கு ஒரு கட்டமாகப் போட்டால் 55 தையல், இரண்டு கட்டமாகப் போட்டால் 28. தண்டவாளத்துக்கு இரண்டு கோடு, பாலத்தின் மேல் விளிம்புக்கு ஒன்று என்று கூட்டினால் ஒரு மாலை வேலை அரை மாலையாகிவிடும்.

நூல் மிச்சம் என்பதுதான் சரியில்லை. பேக் ஸ்டிச்சில் முன்பக்கம் ஒரு பங்கு நூல் போனால் பின்பக்கம் இரண்டு பங்கு போகிறது. ஊசி ஒரு தையல் பின்னால் இறங்கி இரண்டு தையல் முன்னால் ஏறுகிறது அல்லவா. தையல் எந்த நீளமாக இருந்தாலும் கோட்டின் மூன்று மடங்கு நூல் வேண்டும். 10 சென்றிமீற்றர் கோட்டுக்கு 30 சென்றிமீற்றர். குட்டைத் தையலில் துணியைக் குத்தி ஏறி இறங்குகிற தரம் அதிகம் என்பதால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரு லச்சியில், அதாவது கடையில் விற்கிற ஒரு நூல் கட்டில், 8 மீற்றர் நூல், ஆறு இழை. பிரித்தால் 48 மீற்றர் ஒற்றை இழை. மூன்றால் வகுத்தால் 16 மீற்றர் கோடு. தொடக்கத்திலும் முடிவிலும் வீணாகிறதைக் கழித்தாலும் சுவரில் மாட்டுகிற அளவுப் படத்துக்கு ஒரு லச்சி கறுப்பு தாராளம். நூலை நினைத்து நீளத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை.

தோற்றத்தில் இரண்டு கட்டத் தையல் வெறுந்துணி மேல் நன்றாகத்தான் இருக்கும். துண்டு துண்டாகத் தெரியாமல் ஓடும். கிராஸின் மேல் போகும்போது கவனம் வேண்டும். நடுத் துளையில் நூல் இறங்காததால் கோடு ஏதாவது ஒரு பக்கத்துக் கிராஸின் மேல் சாய்ந்துகொள்ளும். பாலத்தின் சாம்பல் கல்லுக்கும் பின்னாலுள்ள பச்சைக்கும் நடுவில் கோடு நேராக நிற்காமல் அங்கங்கே பச்சைப் பக்கம் ஒதுங்கினால், ஓரம் நடுங்குகிற மாதிரி இருக்கும்.

ஒற்றைப்படை நீளம் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். "அக்கா, ஏழு கட்டம் இருக்கு. ரெண்டு ரெண்டா போனா ஒண்ணு மிஞ்சுது." மிஞ்சுகிற ஒன்றைக் கோட்டின் முனையில், இன்னொரு கோடு வந்து சேருகிற பக்கம் வைத்துவிடலாம். மூலை தாண்டி மட்டும் போகக் கூடாது. லயத்து வாசல் மூலையில் தையல் கட்டாயம் முடிய வேண்டும். மூலையைக் குறுக்கே வெட்டிப் போனால் கதவு கதவாக இருக்காது. ஒரே படத்தில் ஒரு தூண் ஒரு கட்டத் தையலிலும் பக்கத்துத் தூண் இரண்டு கட்டத் தையலிலும் இருந்தால் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று தோன்றும். ஒரே வகைப் பொருளுக்கு ஒரே நீளம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மொத்தத்தில், ஃபிரேமுக்குள் போகிற படத்தில் வெறுந்துணி மேல் ஓடுகிற நேர்க்கோட்டுக்கு இரண்டு கட்டம் எனக்குச் சம்மதம். மற்ற இடத்தில் இதற்கு வேலை இல்லை.

ஒரே இழுப்பு

லயத்துத் தகரக் கூரையை யாராவது ஒரு கட்டத் தையலில் தைத்திருந்தால் பார்த்திருப்பீர்கள். தகரத்தின் நெளிவுக்காகக் கூரை உச்சியிலிருந்து இறவாரம் வரை வரிசையாகக் கோடுகள். ஒவ்வொன்றும் நான்கு கட்டம் உயரம். அதை நாலு நாலாக உடைத்தால் தகரம் தெரியாது, ஓடு வேய்ந்த மாதிரி தெரியும். ஒவ்வொரு கோட்டையும் ஒரே தையலாக இழுத்தால் மழை வழிகிற தகரம் அப்படியே வந்துவிடும். மின்கம்பி, குடைக் கம்பு, கொழுந்து பறிக்கிறவர்கள் செடி மேல் கிடத்துகிற மட்டக்கம்பு, அருவி விழுகிற கோடு, நாய் பூனையின் மீசை எல்லாம் இந்த வகை. நேராக, விறைப்பாக இருக்க வேண்டிய பொருளுக்கு நேரான, விறைப்பான நூல் பொருத்தம்.

இன்னோர் இடத்தில் வேறு வழியே இல்லை. அந்தப் பெண்ணின் தலையிலிருந்து முதுகுக் கூடைக்குப் போகிற கயிற்றைப் பாருங்கள். சார்ட்டில் ஐந்து கட்டம் பக்கவாட்டில், மூன்று கட்டம் கீழே. நடுவில் ஒரு துளையும் அந்தக் கோட்டில் விழாது. பிரிக்க வேண்டும் என்றால் இரண்டுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று மூன்றாக உடைக்கலாம். கணக்கு சரியாக வரும், கயிறு நெளிந்துவிடும். கொழுந்து நிறைந்த கூடையின் கயிறு நெளியாது. ஒரே தையலாக இழுத்தால் 14-ஆம் எண்ணில் பத்தரை மில்லிமீற்றர் நீளம்.

அந்த நீளம் ஆபத்தானது. துணியை இழுத்துப் பூட்டுகிற தையல் வளையத்தில் துணி விறைப்பாக இருக்கும்போது இழுத்த நூல், வளையத்தைக் கழற்றினதும் துணி தளர்ந்து தானும் தொய்ந்துவிடும். அதற்குப் பயந்து இறுக்கி இழுத்தால் துணி சுருங்கி, கோட்டின் இரு முனையிலும் துளை பெரிதாகிவிடும். துவைத்தால் நிலைமை இன்னும் மோசம். பருத்தித் துணி கஞ்சி போய்க் கொஞ்சம் சுருங்கினாலே நீள நூல் தொங்க ஆரம்பித்துவிடும். கையில் வளையல் போட்டவர் ஒரு தரம் தடவினால் போதும்.

என் எல்லை 14-ஆம் எண்ணில் ஐந்து கட்டம், அதாவது சுமார் 9 மில்லிமீற்றர். அதுவும் கண்ணாடி போட்ட ஃபிரேமுக்குள் போகிற படமாக இருந்தால். அதைத் தாண்டினால் நடுவில் ஒரு பிடி போட வேண்டும்: அதே நிறத்தில் ஓர் இழையை எடுத்து, நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் ஒட்டி இறங்குகிற ஒரு சிறு தையல். நூலை நசுக்காமல், அசையாத அளவுக்கு மட்டும். கூடைக் கயிற்றின் நடுப்புள்ளி ஒரு கட்டத்தின் நடுவில் விழும், துளையில் விழாது. அதற்குக் கூர் ஊசி வேண்டும். அரை அடி நீள மின்கம்பி என்றால் இரண்டு மூன்று கட்டத்துக்கு ஒன்றாகச் சாதாரண பேக் ஸ்டிச் போட்டுவிடலாம், பிடி போட்டு மாளாது.

நீளத் தையல்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் மற்றக் கோடுகளுக்கு ஊசி போகும்போதெல்லாம் நூல் அதில் சிக்கும். இன்னொன்று, ஒரு கூரைக் கோட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது உச்சியில் முடித்தால் உச்சியிலேயே அடுத்ததைத் தொடங்கலாம். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று மாற்றி மாற்றிப் போனால் பின்பக்கம் ஒரு கட்ட நூல்தான் போகும். தையலை நீட்டுவதால் நூல் உண்மையாக மிச்சமாவது இங்கே மட்டும்தான். வெளிர் துணியில் பின்பக்கத்துக் கறுப்பு நூல் முன்னால் நிழலடிக்காமல் இருப்பதும் இதில் கிடைக்கிற லாபம்.

அரைக் கட்டம், தமிழ் எழுத்து

வெளிநாட்டுச் சார்ட்களில் வருகிற ஆங்கில எழுத்துகள் ஐந்து கட்ட உயரத்தில் அழகாக அடங்கிவிடும். நேர்க்கோடுகள்தானே. தமிழில் பெயர் தைக்கப் போனால் அந்த உயரம் காணாது. ட, ப இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள். அவற்றை மூன்று கட்ட நீளத் தையலில்கூடத் தைக்கலாம். ண, ஞ, ஐ, ஜ என்று போகும்போதுதான் சுழி வந்து நிற்கிறது.

ஐடா துணியில் ஒரு கட்டத் தையலால் போடக்கூடிய மிகச் சிறிய சுழி எது? நான்கு மூலைத் தையல் சேர்த்த வைரம். அது இரண்டு கட்ட அகலம், 14-ஆம் எண்ணில் 3.6 மில்லிமீற்றர். ஒரு கட்டச் சதுரமாகவும் போடலாம், ஆனால் சதுரச் சுழி எழுத்தாகத் தெரியாது. மூன்று சுழி ணகரத்துக்கு இந்தக் கணக்கில் எட்டு ஒன்பது கட்ட அகலம் வேண்டும். உயரமும் அதற்கு ஈடாக எட்டாவது வேண்டும். ஐந்து கட்டத்துக்குள் அடக்கப் பார்த்தால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும்; "கண்ணன்" என்ற பெயரில் எது எது என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

இதற்கு வழி இரண்டு. எழுத்தைப் பெரிதாக்கி ஒரு கட்டத் தையலிலேயே நிற்பது ஒன்று. கட்டத்தின் நடுவிலும் ஊசி குத்தி அரைக் கட்டத் தையல் போடுவது மற்றது. அரைக் கட்டம் என்றால் 0.9 மில்லிமீற்றர். வழக்கமான மொட்டை முனை ஊசி, 24-ஆம் எண், கட்டத்தின் நடுவில் நிற்காது; வழுக்கித் துளைக்கே போய்விடும். சாதாரணக் கூர்த் தையல் ஊசியைத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நடு என்பது கண் மதிப்பு என்பதால் சுழிகள் ஒரே மாதிரி வராது. நெடுக்கும் குறுக்கும் நூல் சம எண்ணிக்கையில் நெய்த 28-ஆம் எண் ஈவன்வீவ் துணியில் இரண்டு நூலுக்கு ஒரு கிராஸ் என்று தைக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர்கள் ஒரு நூலைத் தாண்டினால் அரைக் கட்டம், துளை தயாராக இருக்கும்.

இடம் இருந்தால் நான் எழுத்தைப் பெரிதாக்கவே சொல்வேன். வீடு குடிபுகுதலுக்கு "நல்வரவு" தைக்கிறோம், சாமத்திய வீட்டுக்குப் பெண்ணின் பெயர் தைக்கிறோம். அதில் இடத்துக்கு என்ன பஞ்சம்? கொப்பியில் கட்டத் தாளில் எழுத்தை வரைந்து, அடுத்தவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு ஊசியை எடுக்கலாம். அரைக் கட்டத்தை முகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் வளைவு, கண் இமை, உதட்டின் ஓரம் இவற்றுக்குக் குட்டைத் தையல் வேண்டும்; நாலைந்து தையல்தான் என்பதால் பொறுமையும் போதும்.

மெய்யெழுத்தின் புள்ளியை பேக் ஸ்டிச்சில் போடப் பார்க்காதீர்கள். ஒரு குட்டைத் தையல் போட்டால் அது புள்ளியாகத் தெரியாது, கோடாகத்தான் தெரியும். ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிய பிரெஞ்சு முடிச்சு ஒன்று போதும். முடிச்சு துளைக்குள் வழுகிப் பின்னால் போய்விடும் என்பதால் ஏறின துளையிலேயே இறங்காமல் கொஞ்சம் தள்ளி இறங்க வேண்டும்.

பின்பக்கமும் தெரிகிற வேலை

புத்தக அடையாளப் பட்டி, கைலேஞ்சி, மேசை விரிப்பின் ஓரம் போன்றவற்றில் பின்பக்கமும் கண்ணில் படும். அங்கே பேக் ஸ்டிச்சை விட்டுவிட்டு இரட்டை ஓட்டுத் தையலுக்குப் போவது புத்தி. ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று கோட்டின் முனை வரை போய், திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்புவது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நூலும் கோட்டின் இரண்டு மடங்குதான் போகும். நீளம் இங்கே ஒரு கட்டம் மட்டும். இரண்டாக நீட்டினால் இரு பக்கமும் தொய்வு தெரியும். கிளை பிரிகிற கோடுகளில் எந்தத் திருப்பத்தில் போய் எப்படித் திரும்புவது என்று யோசித்து வைத்துக்கொள்ளாவிட்டால் நடுவழியில் மாட்டிக்கொள்வோம்.

வெளிச்சமும் ஈரமும்

நுவரெலியா, ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை இறங்கினால் பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலில் வந்து நிற்கும். கரும்பச்சைக் கிராஸின் மேல் கறுப்பு நூலை ஒரு கட்டமாகப் போடுவது அந்த வெளிச்சத்தில் நடக்காத காரியம். துளை தெரியாமல் ஊசி கிராஸ் நூலையே பிளந்துகொண்டு ஏறும். அதற்காக நீளத் தையலுக்கு மாறாதீர்கள். வேலையை மாற்றிக்கொள்ளலாம்: காலை வெளிச்சத்தில் இருட்டான பகுதி, மாலையில் வெறுந்துணி மேலுள்ள கோடுகள். மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால் துளைகள் வெளிச்சமாகத் தெரியும்.

ஈரக் காற்றில் வளையத்தைத் துணியிலேயே மாட்டி வைக்க வேண்டாம். ஊசியையும் குத்தி வைக்க வேண்டாம். வளையத்தின் திருகாணியும் ஊசியும் துருப்பிடித்துத் துணியில் கறை போட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.

இன்னும் முடிவு வரவில்லை என்றால்

அதே துணியில் வெட்டி எறிகிற ஓரத் துண்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் பத்துக் கட்ட நீளத்துக்கு மூன்று கோடு போடுங்கள்: ஒரு கட்டத்தில் ஒன்று, இரண்டு கட்டத்தில் ஒன்று, ஐந்து ஐந்தாக ஒன்று. பக்கத்தில் நான்கைந்து கிராஸ் போட்டு அதன் மேலும் ஒரு கோட்டை ஓட்டுங்கள். எட்டி நின்று பாருங்கள். சுவரில் மாட்டுகிற படத்தை ஆறடி தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள், குஷனை மடியில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் துண்டை மற்றத் துணிகளோடு சேர்த்தே துவைத்து, பிழிந்து, காயப் போடுங்கள். ஐந்து கட்டக் கோடு விறைப்பாக நின்றால் உங்கள் துணிக்கும் கைக்கும் அது தாங்கும். தொய்ந்தால் குஷனுக்கு ஒரு கட்டம்தான். கறுப்பு நூல் சாயம் விடுகிறதா என்பதும் அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும். விட்டால் நீளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நூலை மாற்ற வேண்டும்.